இதற்கு முன் யார் வீட்டில்

1

"அங்கிள், இஞ்ச வர முதல் இது ஆற்ற வீட்டில இருந்தது?"

ஈஸ்ட் ஹாமில் ஒரு தேவாலயக் கூடத்தில், ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில், தாரகா என்ற சிறுமி இப்படிக் கேட்டாள். மேசையில் ஒரு மண் விளக்கு. அதன் முன்னால் ஓர் அட்டை: 'இயேசு காலத்து விளக்கு.' யாத்திரை போனபோது ஜெருசலேமில் வாங்கிவந்து கூடத்துக்குக் கொடுத்தவர் சூசைதாசன். அவர், "வாற ஞாயிறு சொல்றன், பிள்ளை" என்றார்.

நான் பின்னால் தேநீரோடு நின்றேன். இந்தக் கதையில் நான் காதால் கேட்டது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் நான் பூசப்போகும் மண். முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

2

சூசைதாசன் ஒரு நேர்மையான மனிதர். (வேண்டாம். எதையோ விற்க வந்தவன் பேச்சுப்போல் இருக்கிறது.)

ஜெருசலேமின் ஒடுங்கிய தெருவொன்றில் மாலை வெயில் சாய்ந்துகொண்டிருந்தபோது (நான் அங்கே போனதேயில்லை.)

வீட்டிலிருந்தே தொடங்குகிறேன். அடுத்த ஞாயிறு உயிர்ப்புப் பெருவிழா. அன்றைக்கு ஏற்றுவதற்காக விளக்கை வீட்டுக்குக் கொண்டுவந்த சூசைதாசன், தாரகாவின் கேள்வியோடு டயனாவுக்குத் தொலைபேசி எடுத்தார். நண்பரின் மகள்; அருங்காட்சியகம் ஒன்றில் பழம்பொருட்களைப் பராமரிப்பவள்.

"உண்மையான பழசெண்டா, அங்கிள், கனக்க கல்லறையளுக்குள்ள இருந்துதான் வாறது. செத்தவைக்குப் பக்கத்தில வைக்கிறவை. ஆரோ கிண்டி எடுத்து வித்திருப்பினம்."

"பொய்யெண்டா?"

"உங்கட தலையில நல்லா மிளகாய் அரைச்சிருக்கினம்."

"கடைக்காரன் முத்திரை குத்தின பேப்பர் தந்தவன், பிள்ளை."

"அந்தப் பேப்பரை அச்சடிக்கிறதும் அவர்தானே, அங்கிள்."

ஏமாந்திருந்தால் வெட்கம், அதைத் தாங்கலாம். ஆனால் விளக்கு மெய்யானால்?*

* போருக்குப் பிறகு ஊருக்குப் போனபோது, சூசைதாசன் தன் வீட்டுக் கதவை வேறொரு வீட்டில் கண்டார். தாழ்ப்பாளை அவரே ஒருமுறை தலைகீழாகப் பொருத்தியிருந்தார். அது அப்படியே இருந்தது. "விலைக்கு வாங்கினது, அண்ணை" என்றார் அந்த வீட்டுக்காரர். பொய்யில்லை. சூசைதாசன் அவர் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டுத் திரும்பினார். இப்போது அதே வார்த்தை தன் வாயில் வந்து நிற்கிறதே என்பதுதான் அவருடைய பயம்.

(இந்த அடிக்குறிப்பை நான் எங்கிருந்து எடுத்தேன்? கதவை இழந்த ஒருவரிடமிருந்துதான். கேட்டு எடுத்தேனா என்று...)

3

சூசைதாசனின் மனைவி பிரியந்தி. அவருக்கு இந்தப் பயம் தெரியாது. தெரிந்ததெல்லாம், புதிதாக ஏற்றும் மண் சிட்டி விளக்கைத் தண்ணீரில் ஊறவைக்காவிட்டால் எண்ணெயெல்லாம் அது குடித்துவிடும் என்பது. கணவர் கடைக்குப் போன நேரம் விளக்கை வாளித் தண்ணீரில் போட்டார்.

தண்ணீர் கலங்கியது. விளக்கின் சாம்பல் நிறம் தோல்போல உரிந்து மிதந்தது. உள்ளே, நேற்றுச் சூளையிலிருந்து வந்ததுபோல், பளிச்சென்ற சிவப்பு மண்.

பிறகு அவர் செய்ததை நம்ப எனக்குக் கடினமாக இருந்தது. செபமாலை சொல்லாமல் தேநீர்கூடக் குடிக்காத பெண். அவரைக் கணவரிடம் உண்மையைச் சொல்லவைத்து ஒரு பக்கம் எழுதினேன், நிற்கவில்லை. விமானத்தில் அந்த மனிதர் விளக்கை மடியைவிட்டு இறக்காமல் வந்ததைப் பக்கத்து இருக்கையிலிருந்து பார்த்தவர் அவர். ஆகவே ரோசாச் செடிச் சட்டி மண், கோப்பித் தூள், கோதுமை மாக் கூழ் எல்லாம் குழைத்துப் பூசி, ஹீட்டர் மேல் காயவைத்தார். மோசடிதான். கடவுள் அதை எந்தக் கணக்கில் வைப்பார் என்று எனக்குத் தெரியாது.

4

சனிக்கிழமை சூசைதாசன் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார்.

"என்னப்பா, கறி சரியில்லையோ?"

"உந்த விளக்கை ஏத்த ஏலாது. திருப்பிக் குடுக்கவேணும்."

"ஆருக்கு? கடைக்காரனுக்கோ?"

"செத்த மனுசனுக்கு. ஆற்றையோ கல்லறையில இருந்து எடுத்திருப்பினம், பிரியந்தி. ஆர் எண்டும் தெரியாது."

பிரியந்தி எழுந்தார். விளக்கை எடுத்துவந்து, அவர் கண்முன்னால் தண்ணீரில் அமிழ்த்தினார்.

"இது எங்கட ரோசாச் சட்டி மண், கோப்பித் தூள். நான்தான் பூசினனான். முதல் இருந்ததும் இப்பிடித்தான் கரைஞ்சு போனது."

சூசைதாசன் ஈரச் சிவப்பைத் தொட்டுப் பார்த்தார். "அப்ப, ஒருத்தற்ற கல்லறையும் இல்லையோ?"

"இல்லையப்பா."

"என்னை ஏமாத்திப்போட்டாங்கள்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் அப்படியொரு நிம்மதி. பிறகு, "நீரும்தான் ஏமாத்தினனீர்" என்றார்.

"அவன் காசு வாங்கினவன். நான் வாங்கேல்லை. சாப்பிடுங்கோ."

5

முடிவுகள்.

சபை முன்னால் எழுந்து உண்மையைச் சொல்கிறார், எல்லோரும் உருகுகிறார்கள். (அவருடைய நாணயத்தை நான் காட்சிக்கு வைப்பதாகிவிடும்.)

விளக்கைத் தேம்ஸில் எறிகிறார். (விளக்கு என்ன பாவம் செய்தது?)

எனக்குப் பிடித்த மூன்றாவது இது. ஞாயிறு பூசைக்கு வெகுநேரம் முன்பே கூடத்தைத் திறக்கிறார். பழைய அட்டையை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கிறார். தாரகாவுக்குத் தமிழ் வாசிக்க வராது. எனவே அடியில் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறார்: 'இங்கே வருமுன் இது ஒரு கடையில் இருந்தது. அதற்கு முன், செய்தவர் வீட்டில். அவர் பெயர் தெரியாது. பழைய விளக்கு அல்ல. நன்றாக எரியும்.'

அதைத் தாரகா வாசித்தாளா, வாசித்து ஏமாற்றமடைந்தாளா, இன்னொரு கேள்வி கேட்டாளா என்பதை நீங்கள்தான் எழுதவேண்டும். இந்தக் கதையையும் ஒருமுறை தண்ணீரில் போட்டுப் பாருங்கள், கரைவது கரையட்டும்.

சூசைதாசன் எண்ணெய் ஊற்றித் திரியைக் கொளுத்தினார். ஒரு பிள்ளைக்கு வைத்திருந்த பதில் கடன் தீர்ந்தது. கூடத்தில் அப்போது யாரும் இல்லை.

நானும் இல்லை.