கடைமடைச் சிங்கம்

"கிரனடாவுக்குப் பிளேனிலை போக டொக்டர் விடேல்லையெண்டால், கிரனடாவுக்கு பஸ்ஸிலை போவம் அப்பா" என்று மகள் தனுஷியா சொன்னபோது, மங்கலம் அதைப் பகிடி என்றுதான் நினைத்தாள்.

பகிடி இல்லை. லண்டனில் அவர்கள் இருக்கிற தோர்ண்டன் ஹீத்தில் பஸ் ஏறினால் முக்கால் மணித்தியாலத்தில் ஒரு குன்று. குன்றின் மேல் ஒரு வீடு. நூற்றைம்பது வருசத்துக்கு முன்னர் ஒரு தேயிலை வியாபாரி ஸ்பெயினுக்குப் போய், கிரனடா மலையில் மூர் இனத்துச் சுல்தான்கள் கட்டிய அல்ஹம்ப்ரா அரண்மனையைப் பார்த்து, திரும்பி வந்தும் நித்திரை வராமல், அதன் நாலு மண்டபத்தை அப்படியே லண்டனில் கட்டிவிட்டானாம். அந்தப் பக்கத்துச் சனம் அதைச் 'சிங்க வீடு' என்கிறது. அம்மா அப்பாவின் நாற்பதாவது கலியாண நாளுக்குத் தனுஷியா அந்த வீட்டைத் தனியாகச் சுற்றிக்காட்டச் சொல்லிப் பதிந்திருந்தாள். சனிக்கிழமை காலை. ஆறு பேருக்கு.

மங்கலத்தின் கணவர் கார்த்திகேசு இரண்டு வருசமாக அந்த அரண்மனை வீடியோக்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கூரையின் சித்திர வேலை வந்தால் தள்ளிவிடுவார். தண்ணீர் வந்தால் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்.

"மோட்டர் இல்லை, மங்கலம்! ஆத்தை மேலை மறிச்சு, வாய்க்காலிலை இழுத்துக் கொண்டுவந்து, மலைக்கு மேலை இருக்கிற அரண்மனைக்குள்ளை சிங்கத்தின்ரை வாயாலை விட்டிருக்கிறான். விளங்குதோ?"

"விளங்குது, விளங்குது. தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ."

அவளுக்கு விளங்காததை அவள் சொல்லுவதில்லை. கார்த்திகேசு ஒரு காலத்தில் கிளிநொச்சியில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை பார்த்தவர். அந்த வேலையில் அவரை அவள் ஒருநாளும் கண்டதில்லை. சனிக்கிழமை செம்மண் காலோடு வீட்டுக்கு வருகிற மனிசனைத்தான் கண்டாள். பிறகு லண்டனில் இருபத்தாறு வருசம் பெற்றோல் ஷெட்டில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த மனிசனைக் கண்டாள்.

ஆறு பேரில் இரண்டு பேர் அவளுடைய தமையன் ஆனந்தராஜாவும் மச்சாள் சிவகௌரியும் என்று அறிந்ததும் மங்கலம் மகளை ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏன் பிள்ளை மாமாவைக் கூப்பிட்டனி?"

"ஏனம்மா? மாமாதானே உங்கட கலியாணத்தைச் செய்து வைச்சவர்!"

பிள்ளைக்குச் சங்கத்து விசயம் தெரியாது. ஆனந்தராஜா பழைய மாணவர் சங்கத்தின் தலைவர். கிளிநொச்சிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குத் தண்ணீர் கொண்டுவரும் வேலையைச் சங்கம் பொறுப்பெடுத்திருந்தது. மேட்டில் ஒரு சின்னக் குளம். பள்ளத்தில் பள்ளிக்கூடத் தோட்டம், பிள்ளைகளுக்குச் சமைக்கிற குசினி, எல்லாவற்றுக்கும் கடைசியில் பெண்பிள்ளைகளின் விடுதி. மோட்டர் இல்லாமல், மேட்டுத் தண்ணீர் தானாகவே கடைசிக் குழாய்வரை ஓடும்படி கார்த்திகேசு ஒரு படம் கீறிக் கொடுத்தார். போன மாதக் கூட்டத்தில் ஆனந்தராஜா அதை மேசையில் தள்ளிவிட்டுச் சொன்னது மங்கலத்தின் காதில் இன்னும் நின்றது.

"பெற்றோல் ஷெட்டிலை நிண்ட மனிசன் கீறின படத்தை நம்பி, பொம்பிளைப் பிள்ளையளின்ரை ஹொஸ்டலைக் காயவிட ஏலாது. அங்கை வரைக்கும் தண்ணி போகாது. மோட்டர்க் கொம்பனிக்குக் குடுப்பம்."

 கார்த்திகேசு படத்தை மடித்து வந்து அலுமாரிக்குள் வைத்தார். மோட்டரா, படமா என்ற கடைசி முடிவு சிங்க வீட்டுக்குப் போகிற சனிக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, லூயிஷாம் கோயில் மண்டபத்தில். தான் அந்தப் பக்கமே வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

மங்கலம் சனிக்கிழமை காலையில் வீட்டைப் பூட்டுமுன் அலுமாரியைத் திறந்தாள். படத்தை எடுத்து, வடைப் பெட்டிக்குக் கீழே, கைப்பைக்குள் வைத்தாள். அவருக்குச் சொல்லவில்லை.

வாசலில் வழிகாட்டி நின்றாள். பெயர் பியற்றிஸ். எழுபது வயதிருக்கும், கொக்கு மாதிரி மெலிந்த வெள்ளைக்காரி.

"வாருங்கள். இன்று இந்த அரண்மனை உங்களுக்கு மட்டும்தான். ஒரே ஒரு விதி. எதையும் தொடக்கூடாது."

ஆனந்தராஜா கோட்டும் சூட்டும் போட்டு, கழுத்தில் ரையும் கட்டி வந்திருந்தார். "கொடியிலை இருந்த சிங்கத்துக்குப் பயந்து லண்டனுக்கு ஓடிவந்த சனம் நாங்கள்" என்றார். "இப்ப சிங்கத்தைத் தேடி பஸ் ஏறி வந்திருக்கிறம். விதியைப் பாருங்கோ!"

எல்லாரும் சிரித்தார்கள். கார்த்திகேசுவும் சிரித்தார். ஆனால் அவருடைய காது உள்ளே எங்கேயோ ஓடுகிற தண்ணீரில் இருந்தது.

முதல் மண்டபத்தில் சுவர் முழுக்க நீலமும் பச்சையுமாக ஓடு. சிவகௌரி வாசற்படியிலேயே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"என்னப்பா, இது கோயிலோ?" என்று ஆனந்தராஜா கேட்டார்.

"இவ்வளவு வடிவான நிலத்திலை ஆர் செருப்போடை நடப்பினம்? நீங்களும் கழட்டுங்கோ."

தலைவர் கழற்றினார். மற்றவர்களும் கழற்றினார்கள். பியற்றிஸ் ஒரு கணம் பார்த்துவிட்டுத் தன்னுடைய சப்பாத்தையும் கழற்றி வரிசையில் வைத்தாள்.

இரண்டாவது மண்டபத்தில் கூரை தேன்கூடு மாதிரித் தொங்கியது. சுவரில் ஒரே வரி, அரபு எழுத்தில், திரும்பத் திரும்பச் செதுக்கியிருந்தது. "கிரனடாவிலும் இதே வரிதான், சுவருக்குச் சுவர். இறைவனைத் தவிர வெற்றி பெறுபவன் எவனும் இல்லை" என்றாள் பியற்றிஸ்.

"சங்கத் தலைவரைத் தவிர எண்டு போட்டிருக்க வேணும்" என்று சிவகௌரி மங்கலத்தின் காதுக்குள் சொன்னாள்.

பிறகு சிங்க முற்றம்.

சுற்றிவரத் தூண்கள். நடுவில் பெரிய சலவைக்கல் தொட்டி. அதை முதுகில் சுமந்தபடி பன்னிரண்டு கல்சிங்கங்கள் வட்டமாக வெளியே பார்த்து நின்றன. தோட்டப் பக்கத்துச் சிங்கங்கள் ஏழின் வாயிலிருந்தும் தண்ணீர் விழுந்தது. சுவர்ப் பக்கத்து ஐந்தும் வாயைத் திறந்தபடி காய்ந்து நின்றன.

"அந்த ஐந்துக்கும் என்ன?" என்று தனுஷியா கேட்டாள்.

"நான் இங்கே வந்து பத்தொன்பது வருசம். அவை ஒருநாளும் தண்ணீர் விட்டதில்லை. எனக்கு முன்னால் இருந்தவளும் கண்டதில்லை. குழாயைத் துப்புரவாக்கினார்கள், அடைப்பு இல்லை. பம்பைக் கூட்டினார்கள், இந்த ஏழும் தூரத் துப்பித் தரையை நனைத்ததுதான் மிச்சம்."

"பாத்தீரோ மச்சான்" என்றார் ஆனந்தராஜா. "வெள்ளைக்காரன் கட்டினதிலேயே கடைசிக்குத் தண்ணி போகேல்லை. நீர் பேப்பரிலை பென்சிலாலை விடப் பாக்கிறீர்."

 மங்கலம் கார்த்திகேசுவின் கையைப் பிடிக்கப் போனாள். அதற்குள் சிவகௌரியின் கையிலிருந்த தண்ணீர்ப் போத்தல் நழுவி விழுந்தது. சலவைக்கல்லில் உருண்டது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, மெல்ல மெல்லத் தோட்டப் பக்கம் போய் ஏழு சிங்கங்களின் காலடியில் நின்றது.

கார்த்திகேசு அதை எடுத்தார். வேறோர் இடத்தில் படுக்க வைத்து விட்டார். அதே பக்கம் உருண்டது. இன்னோர் இடத்திலிருந்து விட்டார். அதே பக்கம்.

"என்ன மச்சான், போத்தில் விளையாட்டோ?"

"நிலம் சரிஞ்சிருக்கு" என்றார் கார்த்திகேசு. யாருக்கும் சொல்லவில்லை, தண்ணீருக்குச் சொன்னார். "தொட்டியும் சேர்ந்து சரிஞ்சு போச்சு. நிசாந்தன், ஃபோனை உயர்த்திப் பிடிச்சுத் தொட்டிக்குள்ளை ஒருக்கா வீடியோ எடும். தொடாதையும்."

மருமகன் நிசாந்தன் ஆறடி உயரம். எட்டி எடுத்துக் காட்டினான். தொட்டியின் உள்விளிம்பில் பன்னிரண்டு துளைகள், சிங்கத்துக்கு ஒன்று. தோட்டப் பக்கத்து ஏழு துளையும் தண்ணீருக்குள் இருந்தன. சுவர்ப் பக்கத்து ஐந்தும் தண்ணீருக்கு இரண்டு விரல் மேலே, காய்ந்து கிடந்தன.

"ஐயோ, இது வயல்தான்!" கார்த்திகேசுவின் குரல் மாறிவிட்டது. "பள்ளத்திலை இருக்கிறவன் வாய்மடையை ஆவெண்டு திறந்து வைச்சிருக்கிறான். தண்ணி எப்பிடிக் கடைசி வயலுக்கு, கடைமடைக்கு, ஏறும்? பம்பைக் கூட்டி என்ன, குறைச்சு என்ன? மேடத்திட்டைக் கேள் பிள்ளை, இந்த ஏழின்ரை வாயையும் கையாலை பாதி பொத்தலாமோ எண்டு. ஒரு அஞ்சு நிமிசம்."

தனுஷியா கேட்டாள். பியற்றிஸ் 'தொடக்கூடாது' என்ற பலகையைப் பார்த்தாள். ஐந்து சிங்கங்களைப் பார்த்தாள். வாசலில் வரிசையாக இருந்த செருப்புகளையும் பார்த்தாள்.

"பத்தொன்பது வருசம்" என்றாள். கம்பளிச் சட்டையைக் கழற்றித் தூணடியில் வைத்தாள். முழங்காலில் இருந்தாள். "எந்தச் சிங்கம் என்னுடையது?"

ஏழு வாய். பியற்றிஸ், தனுஷியா, நிசாந்தன், சிவகௌரி, மங்கலம் என்று ஐந்து பேர் ஆளுக்கொரு சிங்கத்தின் முன் குந்திவிட்டார்கள். இரண்டு சிங்கம் மிச்சம். நிற்கிற ஆளும் ஒருவர்தான்.

"நானோ? கோட்டோடையோ?"

"ரெண்டு கையும் இருக்குத்தானே மச்சான்" என்றார் கார்த்திகேசு. "கையை விரிச்சால் ரெண்டு சிங்கமும் எட்டும். இரும்."

"இருங்கோ, அண்ணை!" என்றாள் மங்கலம். வாழ்நாளில் தமையனை அவள் அதட்டியது அதுதான் முதல்தரம்.

சங்கத் தலைவர் முழங்காலில் இருந்து, ஒரு கையை ஒரு சிங்கத்தின் வாயிலும் மறு கையை மறு சிங்கத்தின் வாயிலும் கொடுத்தார். தண்ணீர் சட்டைக் கைக்குள்ளால் ஓடி முழங்கையால் வழிந்தது. "அம்மாளாச்சி! ஐஸ்!"

எல்லாரும் ஆசையில் இறுக்கிப் பொத்தினார்கள். தொட்டி பொங்கித் தோட்டப் பக்கத்து விளிம்பால் அவர்களுடைய தலையிலேயே கொட்டியது. பதறி எல்லாரும் கையை எடுக்க மட்டம் உடனே இறங்கிவிட்டது, சுவர்ப் பக்கம் ஒரு சொட்டும் வரவில்லை.

"நான் சொன்னனான்! போகாதெண்டு சொன்னனான்!" என்றார் ஆனந்தராஜா.

"பேராசைப்படாதை!" முற்றம் அதிர்ந்தது. அப்படி ஒரு குரலை மங்கலம் கார்த்திகேசுவிடம் கேட்டதேயில்லை. இரண்டு வயலுக்கு அப்பால் நிற்கிறவனுக்கும் கேட்கிற குரல். கண்ணாடிக்குப் பின்னால் இருபத்தாறு வருசம் 'தாங்யூ, நெக்ஸ்ட்' என்று மட்டும் சொன்ன தொண்டையில் இது எங்கே இருந்தது? "பாதி எண்டால் பாதி! உன்ரை வாயாலையும் ஓட வேணும், மற்றவனுக்கும் போக வேணும். தனுஷியா, விரலைக் கொஞ்சம் எடு. மச்சாள், நீங்கள் சரி. மச்சான், இடக்கை காணாது, இன்னும் பொத்தும். மங்கலம், அசையாதையும்!"

அவர் வட்டமாக நடந்தார். கழுத்தை நீட்டித் தண்ணீர் மட்டத்தைப் பார்த்தார். "கொஞ்சம் விடு... பிடி... பிடி..."

சுவர்ப் பக்கத்து முதற்சிங்கத்தின் கீழுதட்டில் ஒரு துளி தொங்கியது. விழுந்தது. இன்னொன்று. பிறகு நூல் மாதிரி ஒன்று இறங்கியது.

"கம் ஒன்!" என்று பியற்றிஸ் கத்தினாள், பந்தாட்டம் பார்க்கிறவளைப் போல.

இரண்டாவது. அடுத்தாற்போல நாலாவது, மூன்றாவதை முந்திக்கொண்டு. பிறகு மூன்றாவதும்.

"நாலு வந்திட்டுது, காணும்!" என்றார் ஆனந்தராஜா. "கை விறைச்சுப் போச்சு. பன்ரண்டிலை பதினொண்டு! வேறை என்ன வேணும்?"

கார்த்திகேசு ஐந்தாவது சிங்கத்தின் முன்னால் குனிந்து நின்றார். திரும்பியும் பார்க்கவில்லை.

"கடைசி வயலுக்குத் தண்ணி போகேல்லையெண்டால் அது வாய்க்கால் இல்லை, மச்சான். வெட்டிவிட்ட வெறும் கிடங்கு. பிடியும்!"

ஆனந்தராஜா பிடித்தார். 

ஐந்தாவது சிங்கத்தின் தொண்டைக்குள் ஏதோ கறகறத்தது. சளி பிடித்த கிழவன் செருமுவதுபோல. ஒரு குமிழி. ஒரு இருமல். பிறகு கறுத்த சேற்றுக் கட்டி ஒன்று சத்தத்தோடு பாய்ந்து கார்த்திகேசுவின் கலியாண நாள் சட்டையில், நடு மார்பில், அப்பியது. அதற்குப் பின்னால் கலங்கல். அதற்குப் பின்னால், கண்ணாடி மாதிரித் தண்ணீர்.

பன்னிரண்டு.

சத்தமே வேறாகிவிட்டது. ஏழு சிங்கத்தின் இரைச்சல் போய், முற்றம் முழுக்க ஒரே சீராக மழை பெய்வதுபோல இருந்தது. பியற்றிஸ் கையை எடுக்காமலே அழுதாள். தன்னுடைய ஃபோன் அந்தக் கம்பளிச் சட்டைக்குள் இருக்கிறது, யாராவது எடுத்துப் படம் பிடியுங்கள் என்றாள். யாருக்கும் கை ஒழியவில்லை. கார்த்திகேசுதான் எடுத்தார். அந்தப் படத்தில் ஆறு பேரும் நனைந்த கோழிகள்போல, பன்னிரண்டு சிங்கங்களும் சிங்கங்கள்போல இருந்தன.

"இதை நிரந்தரமாகச் செய்ய முடியுமா?" பியற்றிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏன் ஏலாது? ஏழு துளைக்கும் சின்ன வளையம் போட்டு ஒடுக்க வேணும். தோட்டப் பக்கத்து வளையம் எல்லாத்திலையும் ஒடுக்கம், சுவர்ப் பக்கம் போகப்போக அகலம். பம்பைக் கூடக் குறைக்கலாம்." மகள் அதை மொழிபெயர்க்க வாயைத் திறக்குமுன் அவரே ஆங்கிலத்தில் சொல்லி முடித்துவிட்டார்.

"உங்கள் தொழில் என்ன, சேர்?"

 கார்த்திகேசு சட்டையிலிருந்த சேற்றைத் தட்டவில்லை. சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வந்த அந்த மனிசன்தான் நின்றார்.

"நீர்ப்பாசனம்" என்றார்.

எல்லாரும் கையை எடுத்தபோது ஐந்தும் மெல்ல அடங்கின. ஆனால் யாரும் கவலைப்படவில்லை. வழி தெரிந்துவிட்டது. தூணடியில் கிடந்த நீள வாங்கில் உட்கார்ந்து வடைப் பெட்டியைத் திறந்தார்கள். பியற்றிஸ் விதியை மறந்து மூன்று வடை சாப்பிட்டாள்.

ஆனந்தராஜா கோட்டைப் பிழிந்தார். ஒரு வடையைக் கையில் வைத்துக்கொண்டு, கடிக்காமல், தண்ணீர் விடுகிற ஏழு சிங்கங்களைக் கனநேரம் பார்த்தார்.

"மச்சான்."

"ம்."

"அந்த ஹொஸ்டல். குசினிக்கும் தோட்டத்துக்கும் போற குழாயை இப்பிடித்தான் ஒடுக்கிக் கீறினனீரோ?"

"ஓம். வளையத்தின்ரை அளவெல்லாம் ஓரத்திலை எழுதியிருக்கு. நீர் அந்தப் பக்கம் திருப்பேல்லை."

ஆனந்தராஜா தொண்டையைச் செருமினார். ஐந்தாவது சிங்கத்தைப் போலவே இருந்தது அது.

"நாளைக்கு நீர் வர வேணும். வந்து மேசைக்கு முன்னாலை நிண்டு நீரே சொல்ல வேணும். நான் சொன்னால் எனக்கு விளங்கினது மாதிரி இராது. அந்தப் படம் எங்கை, வீட்டிலையோ?"

"அலுமாரிக்குள்ளை."

"அலுமாரிக்குள்ளை இல்லை" என்றாள் மங்கலம்.

கைப்பையைத் திறந்தாள். வடைப் பெட்டி இருந்த இடத்துக்குக் கீழேயிருந்து அந்த மடிப்பை எடுத்து, வாங்கில் விரித்து, நாலு மூலையையும் உள்ளங்கையால் நீவினாள். கார்த்திகேசு படத்தைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். ஆனந்தராஜா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆவலாகக் கையை நீட்டினார்.

மங்கலம் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"முதல்லை கையைத் துடையுங்கோ, அண்ணை."