நூற்றெழுபத்து மூன்று

"முட்டியைக் கொஞ்சம் மடக்கிடலாம். மேல துணி போர்த்திட்டா எவனுக்குத் தெரியப் போவுது?" என்று சொல்லிக்கொண்டே சித்தப்பா யெகோர் பிணத்தின் கால்மாட்டில் குனிந்தார்.

"கைய எடுங்க சித்தப்பா," என்றாள் தமாரா.

சவப்பெட்டி சின்னதாக வந்துவிட்டது. அப்பா அர்காதியின் பாதங்கள் பலகையில் முட்டிக்கொண்டிருந்தன. பன்னிரண்டு மணிக்கு இடுகாட்டு லாரி வந்துவிடும்.

தச்சர் மத்வேய் கையிலிருந்த தொப்பியைக் கசக்கினார். "நான் என்னம்மா செய்ய? அளவுகோலோடதான் வந்தேன். உங்கம்மா உள்ளயே விடல. நூத்தியெழுபது சென்டிமீட்டர், ஒரு விரல்கூடக் கூட்டாதேன்னுட்டாங்க."

பாவம், அம்மா ஸோயா பொய் சொல்லவில்லை. புருஷன் சொன்னதைத்தான் சொன்னாள். முதன்முதலாக விண்வெளிக்கு ஆள் தேடியபோது அர்காதி போர்விமானம் ஓட்டிக்கொண்டிருந்தார். விண்கலத்துக்குள் அடங்கவேண்டும், நூற்றெழுபதுக்கு மேல் ஆகாது என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருஷம் ஸோயாவைக் கட்டிக்கொண்டவர், "அளந்தவன் குருடன், நான் நூத்தியெழுபதுதான்" என்று சாகும்வரை சாதித்தார். எந்தப் படிவத்திலும் அதே எண்தான். மனுஷனுக்கு அப்படி ஒரு வீம்பு.

தமாரா தையல் நாடாவை எடுத்து உச்சியிலிருந்து குதிகால்வரை பிடித்தாள். நூற்றெழுபத்து மூன்று.

"எடுடி அந்த நாடாவ!" அம்மா கத்தினாள். "செத்த பிறகும் அவரு மானத்த வாங்கணுமா?"

"அந்த விண்வெளிக்காரங்க கூண்டுதாம்மா சின்னது. அப்பா உசரத்துல என்ன தப்பு?"

"மூணு சென்டிமீட்டருக்கு ஊரையே காக்க வைப்பியா?" என்றார் சித்தப்பா.

"மூணு சென்டிமீட்டருக்குத்தானே அவரத் திருப்பி அனுப்புனாங்க? இன்னைக்கு லாரி நிக்கட்டும்."

தமாரா கோட்டு மாட்டிக்கொண்டு மத்வேயுடன் அவர் பட்டறைக்குப் போனாள். உதவிக்கு ஆள் இல்லை என்று அவர் இழுத்தார். ரம்பத்தின் மறுமுனையை அவளே பிடித்தாள். உள்ளங்கை கொப்பளித்தது. லாரிக்காரன் வந்து திட்டினான். அவள் நிமிரவே இல்லை.

ஒன்றரை மணிக்குப் புதுப்பெட்டி வந்தது. நாலு பேர் தூக்கி உள்ளே கிடத்தினார்கள். உயிரோடிருந்தபோது அர்காதி முதுகை வளைத்து, முட்டியை லேசாக மடித்துத்தான் நிற்பார். இப்போது நேராகப் படுத்திருந்தார்.

அம்மா கால்மாட்டிலிருந்து தலைமாடுவரை பெட்டியைத் தடவிக்கொண்டே நடந்தாள்.

"இவ்ளோ உசரமா இவரு?" என்றாள்.

வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்தான். யாரும் மூடியை எடுத்துப் பொருத்தவில்லை.