ஹலிபக்ஸிலிருந்து பிந்தி வந்த கடிதம்

யூஜினி நீக்கிலாஸ் அந்தப் படிவத்தில் பதினெட்டுப் பெட்டிகளை நிரப்பினாள். ஒன்றை மட்டும் வெறுமையாக விட்டாள். வந்த வினை முழுக்க அந்த ஒன்றிலேதான் வந்தது.

விசயம் இதுதான். ரொறன்ரோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் அவள் கரையோரப் பொறியியல் உதவிப் பேராசிரியை. ஆறாவது வருடம் வந்தால் இரண்டிலொன்று: வேலையை நிரந்தரமாக்குவார்கள், இல்லையென்றால் ஒரு வருடம் தவணை தந்து வாசலைக் காட்டுவார்கள். நடுவில் ஒன்றும் கிடையாது. அதற்கு முன்னால் வெளியூர்ப் பேராசிரியர்கள் ஆறு பேர் அவளுடைய ஆராய்ச்சியைப் படித்து இரகசியமாகக் கடிதம் எழுதவேண்டும். யாரைக் கேட்கலாம் என்று படிவத்தில் ஒரு பெட்டி. யாரைக் கேட்கவே கூடாது என்று இன்னொரு பெட்டி. மற்ற ஆட்கள் அந்த இரண்டாவது பெட்டியில் மனம் உறுத்தாமல் மூன்று பேரை எழுதிவிட்டுக் கோப்பி குடிக்கப் போய்விடுவார்கள். யூஜினிக்கு அது ஏலவில்லை. ஒருவரின் பெயரை எழுதி, இவர் எனக்கு ஆகாதவர் என்று மேலிடத்துக்குக் கொடுப்பதா? கோள் மூட்டுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? சின்ன வயதில் தமையனைப் பற்றிக் கோள் சொன்னதற்குத் தாயிடம் வாங்கிய அடி அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. பெட்டியை அப்படியே விட்டுவிட்டாள்.

எழுதியிருக்கவேண்டிய பெயரோ ஒன்றே ஒன்று. ஹலிபக்ஸில் இருக்கும் பேராசிரியர் ஹாலம்.

ஹாலம் அலைதடுப்புச் சுவர்களில் பெரிய புள்ளி. அவர் சொன்ன உயரத்துக்குத்தான் பல ஊர்களில் சுவர் எழும்பும். யூஜினியோ, பட்டப்படிப்புக் காலத்தில் ஸ்காபரோவின் மண்குன்றுகளுக்குக் கீழே, ஏரிக்கரையில், நாலு குளிர்காலம் நின்று விறைத்து அளந்தவள். அங்கே அவள் கண்டது சின்ன விசயம். குளிரில் சுவரின் அடியில் பனிக்கட்டி குவிந்து சாய்வாக உறைந்துவிடும். பிறகு வருகிற அலை சுவரில் மோதாது. அந்தச் சாய்வில் ஏறி, மேலாலே தாண்டி, றோட்டுக்கு வந்துவிடும். ஹாலமின் கணக்கிலோ பனிக்கட்டி என்ற பேச்சே இல்லை. தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாணென்ன முழமென்ன என்று ஊரில் சொல்லலாம். இவர்களுடைய தொழிலில் அந்தச் சாணுக்கும் முழத்துக்கும்தான் சண்டையே.

சண்டை ஐந்து வருடத்துக்கு முன்பு, ஒரு மாநாட்டில், இருநூறு பேருக்கு முன்னால் நடந்தது. ஹாலம் பேசி முடித்ததும் யூஜினி எழும்பினாள். உங்கள் சுவர் குளிர்காலத்துக்கு உயரம் கட்டை என்றாள். மனிதருக்குக் காது சிவந்துவிட்டது. இன்னும் முப்பது குளிர்காலம் கண்டுவிட்டு வந்து கதையுங்கள் என்றார். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அவருடைய வரைபடத்தின்படி சுவர் கட்ட இருந்த ஒரு நகரசபை, யூஜினியின் கட்டுரையைப் படித்துவிட்டு அந்த வரைபடத்தைக் கைவிட்டது. அவருடைய இரண்டு வருட உழைப்பு அதோடு போயிற்று. அதற்குப் பிறகு எந்த மாநாட்டிலும் அவர் இவள் இருக்கும் பக்கம் திரும்பியதில்லை.

பெப்ரவரிக் கடைசியில் துறைத் தலைவி மார்கரெட் நடைபாதையில் அவளைக் கண்டு, பயப்படாதே, ஐந்து கடிதம் வந்துவிட்டது, ஹலிபக்ஸ் மட்டும்தான் பிந்துகிறது என்றார். சொல்லக்கூடாததைச் சொன்னது பிறகுதான் விளங்கி, வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டார். ஹலிபக்ஸில் அவளுடைய வேலையை எடைபோடக் கூடியவர் ஒரே ஒருவர்தான்.

அஜின்கோர்ட் வீட்டுக்கு வந்ததும் கணவனிடம் சொன்னாள். றூபன் பஸ் ஓட்டுகிறவன். அவனுக்கு அலையும் தெரியாது, சுவரும் தெரியாது, ஆனால் நாள் முழுக்க ஏறி இறங்குகிற சனத்தைப் பார்த்து மனிதரைத் தெரியும். படிவத்தின் கதையைக் கேட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டான்.

"உனக்கு விசரே? ஆகாத ஆளின்ரை பேரை எழுதச் சொல்லி அவங்களே பெட்டி கீறித் தந்திருக்கிறாங்கள். நீ வேலியாலை போன ஓணானைப் பிடிச்சு மடியுக்கை விட்டிருக்கிறாய்."

"கோள் சொல்லுற மாதிரிக் கிடந்தது, றூபன்."

"நல்லது. இனி அந்தாள் சொல்லும், நீ கேள்."

வேலை போனால் என்னவாகும் என்று இருவருக்கும் தெரியும். இந்தத் தொழிலுக்கு இடம் விழுவது ஆடிக்கொன்று ஆவணிக்கொன்று. விழுந்தாலும் அது நியூபவுண்லாந்திலோ வன்கூவரிலோதான் இருக்கும். றூபனுக்குப் பதினைந்து வருட சேவை இங்கே. மகள் ஏஞ்சலா அடுத்த வருடம் உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறாள். எல்லாவற்றையும்விட, யூஜினியின் ஏரி இங்கே. அவளுடைய மாணவிகள் இரண்டு பேர் இன்றைக்கும் அதே சுவரடியில் அளவுகோலோடு நிற்கிறார்கள். அவள் போனால் அந்த அளவெடுப்பும் நின்றுபோகும்.

அடுத்த ஆறு கிழமையும் அவள் ஹாலமைத் திட்டித் தீர்த்தாள். அரிசி கழுவும்போது திட்டினாள், வாசலில் ஸ்னோ வழிக்கும்போது திட்டினாள். தவக்காலம் என்றுகூடப் பார்க்கவில்லை. ஞாயிறு பூசையில் பக்கத்திலிருந்தவர்களுக்குச் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கிற நேரத்திலும் மனதுக்குள் அந்த மனிதரின் சிவந்த காதைப் பிடித்துத் திருகிக்கொண்டுதான் இருந்தாள். கடவுள் மன்னிப்பார், அவருக்கும் பொழுது போகவேண்டுமே.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முடிவெடுக்கும் குழு கூடியது. பின்னேரம் மூன்று மணிக்கு மார்கரெட் கூப்பிட்டார். யூஜினி உள்ளே போனதும் கதவைச் சாத்தினார். நல்ல செய்திக்கு யார் கதவைச் சாத்துவார்கள்? எல்லாம் முடிந்தது என்று தீர்மானித்துக்கொண்டு யூஜினி கதிரையின் நுனியில் இருந்தாள்.

எட்டுப் பேரும் ஓமென்று கை உயர்த்தினார்கள் என்றார் மார்கரெட். மேலிடத்துக் கையெழுத்து ஒன்று பாக்கி, அது வெறும் சடங்கு, நீ இனி இங்கேதான்.

யூஜினியின் தோள் இரண்டும் தன்பாட்டில் கீழே இறங்கின. ஆறு கிழமையாக அவற்றைத் தூக்கிப் பிடித்திருந்ததே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது, வந்தது, வந்துகொண்டேயிருந்தது. மார்கரெட் எழும்பி வந்து அவளைக் கட்டிப்பிடித்துவிட்டு, ஆறு கடிதங்களின் சாரத்தைக் கையில் கொடுத்தார். பெயர்களை நீக்கிவிட்டு இப்படிக் கொடுப்பது அங்கே வழக்கம்.

மாடிப்படியில் குந்தியிருந்து வாசித்தாள். ஐந்து கடிதம் வழக்கமான புகழ்ச்சி. ஆறாவதில் எழுதியவரின் வார்த்தைகளையே அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள்.

"இவரால் என்னுடைய இரண்டு வருட வேலை வீணானது. அதனால் இவருடைய நாலு குளிர்கால அளவுகளையும் நத்தார்ப் பண்டிகையிலிருந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். பிழை பிடிக்கும் ஆசையோடுதான் பார்த்தேன். ஒன்று கிடைத்தது. மூன்றாம் வருடத்துக்கு மட்டும் அளவுகோலை மாற்றியிருக்கிறார். கட்டுரையிலுள்ள படங்களைப் பார்த்தால், புதிய கோலின் பூச்சியம் பழையதைவிட இருபது சென்ரிமீற்றர் மேலே நிற்கிறது. ஆகவே அந்த வருடப் பனிக்கட்டியின் உயரத்தைக் குறைத்துச் சொல்லிவிட்டார். திருத்திக் கணக்குப் பார்த்தேன். அவர் இன்னும் கூடுதலாகச் சரி, நான் இன்னும் கூடுதலாகப் பிழை. இவரைப் போகவிடாதீர்கள்."

யூஜினி அழுதுகொண்டே றூபனுக்குத் தொலைபேசி எடுத்தாள். அவன் பஸ்ஸைக் கடைசித் தரிப்பில் நிறுத்திவிட்டு ரீ குடித்துக்கொண்டிருந்தான்.

"அழாதை. போனாப் போகட்டும், விடு," என்றான். "நியூபவுண்லாந்திலையும் பஸ் ஓடுதுதானே."

"கிடைச்சிட்டுது, றூபன்."

மறுமுனையில் அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பதினைந்து வருட சேவையை உதறிவிட்டு வர ஆயத்தமாக இருந்த மனிதனை நினைத்து யூஜினிக்கு அழுகை இன்னும் கூடியது. கடிதத்தை அவனுக்கு வாசித்துக் காட்டினாள்.

"உவர் லேசுப்பட்ட ஆளில்லை," என்றான் றூபன். "உடனை ஃபோன் எடுத்து நன்றி சொல்லு."

சொல்ல முடியாது. கடிதம் இரகசியம். எழுதியது யாரென்று அவளுக்குத் தெரியவே கூடாது, தெரிந்தாலும் தெரிந்ததாகக் காட்டக்கூடாது. சாகும்வரைக்கும் அந்த மனிதரிடம் இதைப் பற்றி ஒரு சொல் கதைக்க ஏலாது. திட்டுவதற்கு ஆறு கிழமை கிடைத்தது, நன்றி சொல்ல ஒரு நிமிடம் கிடையாது.

அறைக்குப் போய் மூன்றாம் குளிர்காலத்துப் படங்களைத் திறந்தாள். சுவரில் அடித்திருந்த பழைய ஆணியை அடையாளமாக வைத்து, இரண்டு கோல்களின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இருபது சென்ரிமீற்றர், அச்சொட்டாக. இத்தனை வருடம் அவளும் காணவில்லை, கட்டுரையைப் பரிசீலித்தவர்களும் காணவில்லை. வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. கட்டுரை வெளிவந்த ஆய்விதழுக்கு அந்த இடத்திலேயே ஒரு திருத்தம் எழுதி அனுப்பினாள்.

"மூன்றாம் குளிர்காலத்தின் பனிக்கட்டி உயரங்கள் எல்லாவற்றோடும் இருபது சென்ரிமீற்றரைக் கூட்டி வாசிக்கவும். பிழை என்னுடையது. அதைக் கண்டவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவருக்கு என் நன்றி: தேடியதற்கும், கண்டதை அப்படியே சொன்னதற்கும்."