பசையின் மினுக்கம்

அனுப்பிய நானூறு வாழ்த்து அட்டைகளும் திரும்பி வந்துவிட்டன. ஒட்டு மேசையில் இருந்த ஆறு பெண்களும் ஆளுக்கொன்றை எடுத்துப் பார்த்தார்கள். அட்டையில் ஒட்டிய பட்டாம்பூச்சிகள் எல்லாம் தலை துவட்டாமல் வந்த பிள்ளைகள் மாதிரி சுருங்கிக் கிடந்தன. தாள் அவ்வளவு மெல்லிசு, ஊதினால் பறந்துவிடும்.

“பசை மோசமா, உங்க கை மோசமான்னு முதலாளி கேக்கறாரு” என்றார் சூப்பர்வைசர்.

“ஏன் சார், ரெண்டும் நல்லா இருந்து ஒட்டற விதம் மோசமா இருக்கக் கூடாதா?”

கேட்டவளுக்கு அங்கே பெயரே ஏனக்கா. ஏழு வருஷமாக எந்த வேலையைக் கொடுத்தாலும் ‘ஏன்’ என்று கேட்காமல் அவள் கை வைத்ததில்லை.

“அப்ப நீயே கண்டுபிடி. திங்கக்கிழமைக்குள்ள சுருங்காம ஒட்டிக் காட்டறவங்களுக்கு மாதிரி மேசை. முதலாளி வாக்கு.”

மாதிரி மேசை ஜன்னலோரம் இருந்தது. புதிய அட்டைகளை முதலில் அங்கேதான் செய்து பார்ப்பார்கள். எத்தனை ஒட்டினாய் என்று யாரும் எண்ண மாட்டார்கள். நாள் முழுக்க இது ஏன், அது ஏன் என்று பார்ப்பதுதான் அங்கே வேலை. ஏனக்காவுக்கு அந்த மேசை மேல் ஏழு வருஷத்து ஆசை.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அடுப்பங்கரைத் தரையில் கடை பரப்பிவிட்டாள். வெள்ளைப் பசை வழக்கம்போல் சுருக்கியது. பசைக் குச்சி, தேய்க்கும்போதே இறக்கையைக் கிழித்தது. இரண்டு பக்கமும் ஒட்டும் டேப், தாளுக்கு அடியில் பட்டையாகத் தெரிந்தது. பஞ்சர் கடை வைத்திருக்கும் கணவன் தன் பங்குக்கு சொல்யூஷன் ட்யூபைக் கொண்டுவந்து நீட்டினான்.

“லாரி டயரே நிக்குது, உன் பூச்சி நிக்காதா?”

பூச்சி நின்றது. ஆனால் கொஞ்ச நேரத்தில் எண்ணெய் பட்டது போல் கறை படிந்தது. அவளுக்குத் தலைவலியும் வந்தது. கடைசியாகக் காய்ச்சிய மாவுப் பசை கொஞ்சம் குறைவாகச் சுருக்கியது, அவ்வளவுதான்.

அதையும் வெள்ளைப் பசையையும் பாதிக்குப் பாதி கலந்து கொண்டிருந்தபோது அடுப்பில் பால் பொங்கியது. எழுந்த அவசரத்தில் தூரிகை கை தவறி அட்டை மேல் விழுந்தது. பாலை இறக்கிவிட்டு வந்து பார்த்தாள். அட்டையில் அப்பியிருந்த பசையில் ஈர மினுக்கம் அடங்கியிருந்தது. வீணாவானேன் என்று ஒரு பட்டாம்பூச்சியை அதன் மேல் வைத்து அழுத்தினாள்.

சுருங்கவில்லை. அரை மணி கழித்தும் சுருங்கவில்லை.

ஏன்? அவளுக்கு மண்டை குடைந்தது. சின்னத் துண்டில் தடவுவதுதான் சுலபம் என்று இத்தனை நாளும் தாளில் தடவினார்கள். மெல்லிய தாள் தண்ணீரைக் குடித்து உப்பிப் பிறகு சுருங்கியது. இப்போது தண்ணீரை அட்டை குடித்துவிட்டது. சந்தோஷத்தில் அவள் தனியாகவே சிரித்தாள்.

ஆனால் அட்டையில் தடவினால் இறக்கைக்கு வெளியே வழியுமே? அலமாரி மேலிருந்த கணவனின் பழைய எக்ஸ்ரே படத்தில் பட்டாம்பூச்சி வடிவத்தை ஒரு நூல் சின்னதாக வெட்டி எடுத்தாள். அந்த ஓட்டை வழியாகப் பஞ்சால் பசையை ஒற்றினாள், துளிகூட வெளியே போகவில்லை.

“அடிப்பாவி, என் முட்டிய வெட்டிட்டியா!”

“சும்மாதானே கிடந்துச்சு. இப்பவாவது உழைக்கட்டும்.”

திங்கட்கிழமை முதலாளியே வந்து நின்று பார்த்தார். அட்டையை வளைத்தார், வெயிலில் பிடித்தார், நகத்தால் கீறினார். “பிரமாதம்மா” என்றார். கலவை, காத்திருக்கும் நேரம், எல்லாவற்றையும் அவள் சொல்லச் சொல்ல சூப்பர்வைசர் எழுதிக்கொண்டார். நெஞ்சு நிறைந்துபோய் நின்றாள் ஏனக்கா.

மறுநாள் மாதிரி மேசையில் முதலாளியின் மருமகள் உட்கார்ந்திருந்தாள்.

“வாங்கறவங்க வந்தா பேசத் தெரிஞ்ச ஆளு வேணும்ல” என்றார் சூப்பர்வைசர், முகம் பார்க்காமல். “அதுவும் இல்லாம, உன் கை இல்லாட்டி ஒட்டு மேசை ஓடாதுக்கா.”

ஏனக்காவுக்கு அழுகை முட்டியது. அங்கே வைத்து அழக் கூடாது என்று பஞ்சை எடுத்தாள். அட்டையில் ஒற்றினாள்.

“அக்கா, கொஞ்சம் வரீங்களா?” மருமகள் நல்ல பெண்தான், மரியாதையாகத்தான் கூப்பிட்டாள். “மினுக்கம் போயிடுச்சான்னு எனக்குத் தெரியல.”

ஏனக்கா எழுந்து போய்க் குனிந்து, கண்ணைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

“இன்னும் கொஞ்சம்... இப்ப வைங்க.”

“ஏங்க்கா மினுக்கம் போகணும்?”

அதையும் சொன்னாள். தாள் தண்ணீர் குடிப்பதை, அட்டை குடிப்பதை, எல்லாம் சொன்னாள். திரும்பி வந்தபோது அவள் ஒற்றிவிட்டுப் போன பசை காய்ந்து போயிருந்தது. வேறு அட்டை எடுத்து ஒற்றினாள். மறுபடி கூப்பிட்டாள் மருமகள்.

சாயங்காலம் சூப்பர்வைசர் மேசை மேசையாக வந்தார். ஏனக்காவின் இடத்தில் நின்று, பசை காய்ந்து வீணான பதினோரு அட்டைகளை விசிறி போல் விரித்துப் பிடித்தார்.

“என்னக்கா இது, நீயே கண்டுபிடிச்ச வேலை, நீயே இத்தனை பாழாக்கினா எப்படி?” என்றபடி சேதக் கணக்கில் அவள் பெயருக்கு நேரே பதினொன்று என்று குறித்தார்.