ஆறாவது பாட்டில்

சாயப் பட்டறையில் எனக்குப் பெயர் பூதக்கண்ணாடி. வெளியே போகும் கழிவுநீரைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. கொடுத்த டீயைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பேன் என்று கேலி செய்வார்கள். மோந்து பார்ப்பேன்தான், அதிலென்ன.

நான் இப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் தொட்டித் தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டேன். பிறகுதான் தெரிந்தது, முதலாளி மூட்டை மூட்டையாக ப்ளீச்சிங் பவுடரைக் கொட்டி நிறத்தை மட்டும் போக்கியிருந்தார். போய்க் கேட்டேன். "நீ சொல்லலைன்னா யாருக்குப்பா தெரியப்போகுது?" என்றார். நான் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்று பயம். அதுவே வழக்கமாகிவிட்டது, நானும் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தேன். ஆறு மாதத்தில் எங்கள் தெருக் கிணற்றில் மருந்து வாடை. இன்றைக்கும் என் மனைவி மூன்று தெரு தள்ளிப் போய்க் குடிதண்ணீர் சுமந்து வருகிறாள். ஏன் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அப்படிப்பட்டவனிடம் வந்து என் தங்கையின் கணவர் ஒரு டப்பாவைத் திறந்து காட்டினார். அவருக்கு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. டப்பாவில், மாவைவிடச் சன்னமாக, வெளிர் மஞ்சள் தூள்.

"இது நானோ தூள், மச்சான். வெளிச்சம் பட்டாத்தான் வேலை செய்யும். சாயத்தை மறைக்காது, துண்டு துண்டா உடைச்சிடும். இருட்டுல சும்மா கிடக்கும்."

"பகல்ல உழைச்சு ராத்திரி தூங்குதா? நம்ம ஆளுங்களுக்கு இது தேவலை, மாப்பிள்ளை."

சிரித்தேனே தவிர நம்பவில்லை. தங்கையைக் கட்டிக் கொடுத்தபோதே இவரை நான் நம்பவில்லை. எட்டு வருஷமாக ஒரு குறைகூடக் கண்டுபிடிக்க முடியாதது எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

மாப்பிள்ளை கேட்டுக்கொண்டதால் முதலாளி ஒருநாள் அவகாசம் தந்தார். சோதனை தேறினால் மாடியில் வெளிச்சத் தொட்டி கட்டுவது, இல்லாவிட்டால் பழைய வழியே. மாப்பிள்ளை ஐந்து பாட்டில்களில் சிவப்புக் கழிவுநீரையும் தூளையும் கலந்தார். நான்கை மொட்டைமாடி வெயிலில் வைத்தார். ஐந்தாவதைக் கறுப்புத் துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். வெயிலில் இருப்பவை வெளுக்க வேண்டும், இருட்டில் இருப்பது வெளுக்கக் கூடாது. அப்போதுதான் வேலை செய்தது வெளிச்சம் என்று ஆகும்.

பூட்டும் அவருடையது, சாவியும் அவருடையது. ஐந்தாவதில் உண்மையிலேயே தூளைப் போட்டாரா என்று யார் கண்டது? அவர் போன் பேசக் கீழே இறங்கியதும், கைக்கு அகப்பட்ட ஒரு பாட்டிலை எடுத்து, அதே நீரையும் தூளையும் போட்டுத் துணி சுற்றினேன். படியில் காலடிச் சத்தம் கேட்டது. அவசர அவசரமாக என் மேஜை இழுப்பறைக்குள் வைத்து மூடினேன்.

மாலை நான்கு மணிக்கு முதலாளி வந்தார். வெயில் பாட்டில்கள் நான்கும் தெளிந்திருந்தன. இருட்டுப் பாட்டில் சிவப்பாகவே இருந்தது. மாப்பிள்ளை முகமெல்லாம் பல். நான் இழுப்பறையைத் திறந்தேன். ஆறாவது பாட்டிலில் துளி நிறம் இல்லை. மூடியைத் திருகியதும் ப்ளீச்சிங் வாடை மூக்கில் ஏறியது.

எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம், அதை ஒளிப்பானேன். "இதுவும் இருட்டுலதான் இருந்துச்சு, முதலாளி. தூள்ல ப்ளீச்சிங் கலந்திருக்கு" என்றேன்.

மாப்பிள்ளை பாட்டிலை வாங்கிப் பார்த்தார். "இதைக் கழுவினது யாரு, மச்சான்?"

"நான்தான். என் பாட்டிலை வேற யாரையும் தொட விடமாட்டேன்."

"சரி, விடுங்க. நமக்குப் பழைய வழியே போதும்" என்றார் முதலாளி. அவர் குரலில் ஏமாற்றமே இல்லை. அது எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

மாப்பிள்ளை டப்பாவை மூடினார். "நான் ஏமாத்துக்காரன்னு உங்க தங்கச்சிகிட்ட நீங்களே சொல்லிடுங்க. எனக்கு வாய் வராது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேலை முடிந்து பாட்டில் கழுவ உட்கார்ந்தேன். சாயக் கறை போகத் தினமும் ஒரு பேசினில் ஊறப்போட்டு, பிறகு நல்ல தண்ணீரில் மூன்று தடவை அலசுவேன். பேசினில் இருப்பது ப்ளீச்சிங் தண்ணீர். உள்ளே விட்ட கை அப்படியே நின்றுவிட்டது. காலையில் கைக்கு அகப்பட்ட பாட்டில் இதிலிருந்துதான் வந்தது. அலச நேரமில்லாமல் கவிழ்த்துக் கொட்டிவிட்டு அப்படியே நிரப்பியிருந்தேன்.

மேஜையில் ஒரு சிட்டிகைத் தூள் மிச்சம் இருந்தது. அதே பாட்டிலை மூன்று தடவைக்குப் பதில் ஆறு தடவை அலசினேன். சிவப்பு நீர், தூள், கறுப்புத் துணி, இழுப்பறை. மறுநாள் காலை வந்ததும் திறந்தேன். சிவப்பு கொஞ்சமும் குறையவில்லை.

பாட்டிலை முதலாளி மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். "தப்பு தூள்ல இல்லீங்க. என் பாட்டில்ல. நான்தான் அலசாம எடுத்துட்டேன்."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "வேற யாராவது பார்த்தாங்களா?"

"இல்ல."

"அப்புறமென்ன? நீ சொல்லலைன்னா யாருக்குப்பா தெரியப்போகுது?"

அதே வார்த்தை, அதே நாற்காலி. என் பயமும் அதேதான், ஒரு குன்றிமணி குறையவில்லை. ஆனாலும் போனை எடுத்து, அவர் முன்னாலேயே மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். தங்கைதான் எடுத்தாள்.

"அவர்கிட்ட குடும்மா."

"எதுக்கு? நான் துருவிக் கேட்டப்புறம்தான் எல்லாம் சொன்னாரு. நேத்து பழி போட்டதுல மிச்சம் ஏதும் இருக்கா?"

"இல்ல. ஏமாத்தினது அவர் இல்ல, நான். நேத்து மட்டுமில்ல, ரெண்டு வருஷமா. நீயும் கூட இருந்து கேளு."

முதலாளி நாற்காலியை விட்டு எழுந்து என் பக்கம் வந்தார். நான் பேச்சை நிறுத்தவில்லை.