மழைக்குத் தாங்காத அலைவரிசை

மறுநாள் காலையில் அப்பாவின் குரல்வளையை எடுத்துவிடப் போகிறார்கள். புற்றுநோய். உயிர் தங்கும், பேச்சு தங்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அதனால்தான் மகள் அவரைத் தன் வேலையிடத்துக்கே கூட்டி வந்திருந்தாள்.

செயற்கைக்கோளுக்குச் சிக்னல் ஏற்றி அனுப்புகிற நிலையம் அது. பதினாறு வருஷமாக அவள் அங்கே இன்ஜினியர், எல்லாருக்கும் 'டிஷ் அக்கா'. தம்பியோ நடுக்கடலில், ஆழம் அளக்கிற கப்பலில். அம்மா போனபோதும் கடலில்தான் இருந்தான், மூன்று நாள் கழித்து வந்தான். "நீதான்டா அவளைக் கொன்னே. என் மூஞ்சியில முழிக்காதே" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினார் அப்பா. சொன்ன சொல்லைத் தட்டாத பிள்ளையாயிற்றே, ஏழு வருஷமாக முழிக்கவே இல்லை.

"எவ்ளோ பெரிய சட்டிம்மா!" வாசலில் நின்ற பெரிய ஆண்டெனாவை அண்ணாந்து பார்த்தார் அப்பா.

"அது சி பேண்ட்ங்கிற அலைவரிசைக்குப்பா. என்ன மழை கொட்டினாலும் அசராது. தம்பி கப்பல்ல கேயூ பேண்ட். அதுக்கு அந்தக் குட்டி டிஷ்தான்."

"அது மழைக்குத் தாங்காதா?"

"உங்க பிள்ளை மாதிரி. ஒரு சொல் தாங்காது."

அப்பா சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது.

அப்பா தம்பியோடு பேசுவதற்காக, மூன்று மணியிலிருந்து பத்து நிமிஷத்துக்கு, இன்ஜினியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற லைனைக் கேட்டு வாங்கியிருந்தாள். அதை யாரும் பதிவு செய்வதில்லை. மூன்றடிக்கச் சற்று முன்னால், வேண்டுமென்றே வந்த மாதிரி மழை பிடித்துக்கொண்டது.

"டேய், நான்தான்டா... கேக்குதா?" என்றார் அப்பா.

பதிலில்லை. திரையில், கப்பலிலிருந்து வர வேண்டிய சிக்னல் தரையோடு படுத்துக் கிடந்தது.

அங்கிருந்து வரவில்லை என்றால் இங்கிருந்தும் போகவில்லை என்று நினைத்துவிட்டாள், பாவி. செயற்கைக்கோளின் கட்டுப்பாட்டு அறையைப் போனில் கேட்டுக் கேட்டு, அரைப் படி அரைப் படியாகத்தான் பவரை ஏற்ற வேண்டும். அளவு தாண்டினால் பலம் கூடாது, குரல்தான் கிழியும். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே அவள் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. அன்றைக்கு பவர் குமிழை ஒரே திருகாகத் திருகினாள்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். "நீ அவளைக் கொல்லலடா. வயித்தெரிச்சல்ல வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். தப்பு என்னுதுதான். வீட்டுக்கு வந்துடுப்பா."

"கேட்டிருப்பானாம்மா?"

"கேட்டிருப்பான்ப்பா."

ஆபரேஷனுக்குப் போகும்போது அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

நாலாம் நாள் தம்பியின் மெயில் வந்தது. "அக்கா, 'நான்தான்டா'ன்னு அப்பா சொன்னது பக்கத்துல நின்னு கூப்பிட்ட மாதிரி கேட்டுச்சு. 'கேக்குதுப்பா, கேக்குதுப்பா'ன்னு நான் கத்தினேன். அப்புறம் ஒரே கொரகொரப்பு. உங்க பக்கம் பவர் ஏறிப்போச்சுன்னு எங்க ரேடியோக்காரர் சொல்றார். அப்பா என்ன சொன்னார்?"

கப்பலின் சின்னக் கருவி அனுப்பியதைத்தான் மழை தின்றிருக்கிறது. நிலையத்திலிருந்து போனது மழையைத் தாண்டி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அவள் கை படும்வரைக்கும்.

ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். ஒன்றையும் மறைக்கவில்லை. "நான்தான்ப்பா கெடுத்தேன். நீங்க சொன்னதை அப்படியே அவனுக்கு எழுதிடவா?"

அப்பா அவளைப் பார்த்தார். கோபமில்லை, இருந்திருந்தால் தேவலையாயிருக்கும். பிறகு தலைமாட்டில் இருந்த சிலேட்டை எடுத்து எழுதினார்: 'வேணாம். திட்டினது வாயால.'

வாயைத் திறந்து பார்த்தார். உதடு அசைந்தது. கழுத்தில் போட்ட துளை வழியாக வெறும் காற்று வந்து அவள் புறங்கையில் பட்டது.

அன்று சாயங்காலம் ஒரே ஒரு வரி அனுப்பினாள்: "உன்னை வீட்டுக்கு வரச் சொன்னார்டா."

பத்தே நிமிஷத்தில் பதில் வந்துவிட்டது.

"கோவமா சொன்னாராக்கா, சாதாரணமா சொன்னாரா? குரல் எப்படி இருந்துச்சு?"

எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்தாள். எழுதி எழுதி அழித்தாள்.