துறவி அடித்த ஆணி

வரலாற்றுப் பாடத்தில் நான் இரண்டு முறை தோற்றிருந்தேன். மூன்றாவது முறையும் தோற்றால் வீட்டிலேயே இருக்கலாம் என்று கல்லூரி அன்போடு கடிதம் எழுதியிருந்தது. கடைசி வாய்ப்பாகப் பேராசிரியர் ஒரு வேலை கொடுத்தார். புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த துறவியைப் பற்றிய மூன்று மணி நேரப் படத்தைப் பார்த்து, அவருடைய வாதங்களை எழுதி, திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் பேராசிரியரின் அறைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட வேண்டும்.

சுலபமான வேலைதான். ஆனால் எங்கள் வீட்டில் ரிமோட் அப்பாவிடம் இருக்கும். அப்பா தச்சர். முப்பது வருடங்களாகக் கதவு மட்டுமே செய்கிறவர்.

இருபதாவது நிமிடத்தில் துறவி தேவாலய வாசலுக்கு வந்தார். ஒரு காகிதத்தைக் கதவில் வைத்து ஆணி அடித்தார். அப்பா படத்தை நிறுத்தினார்.

"கதவு ஆடுது, பாத்தியா?"

"இல்லப்பா."

பின்னால் ஓட்டினார். துறவி மறுபடி அடித்தார்.

"அட்டைடா அது. அவ்ளோ உயரத்துக்கு ரெண்டே கீல். சுத்தியல் பிடிக்கிற லட்சணத்தப் பாரு, மைக் பிடிச்சவன் மாதிரி. எழுதிக்கோ."

"எதுக்குப்பா?"

"உங்க வாத்தியாருக்குத் தெரிய வேணாமா?"

பதினோராவது முறை துறவி அடிக்கும்போது அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அந்தப் பிள்ளைக்குக் கை வலிக்காதா? விடுங்க, உள்ள போகட்டும்."

"எப்படிப் போவான்? கதவு எந்தப் பக்கம் திறக்கும்னு செஞ்சவனுக்கே தெரியல."

அதையும் எழுதிக்கொண்டேன். ஞாயிறு மாலைக்குள் கதவின் குறைகள் தொண்ணூற்று நான்கு ஆகியிருந்தன. துறவி கதவில் அறைந்த வாதங்கள் தொண்ணூற்றைந்து என்று படத்தின் உறையில் போட்டிருந்தது.

"அவன விட நாம ஒண்ணு கம்மியா சொல்றதா?" என்றார் அப்பா.

வாசலில் கால்மிதி இல்லை என்று அம்மா கணக்கை நேர் செய்தாள். படம் அப்போதும் இருபதாவது நிமிடத்தில்தான் நின்றது.

திங்கள் ஒன்பதரைக்குப் பேராசிரியரின் அறைக்குப் போனேன். பூட்டியிருந்தது. மழையில் ஊறிப்போன கதவு தரையோடு உட்கார்ந்திருந்தது. நூல்கூட நுழையாது. அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"பேப்பர் உள்ள போகலப்பா. ஒரு ஆணி அடிச்சு மாட்டிடவா?"

மறுமுனையில் சுத்தியலைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"ஆணியத் தொட்ட, வீட்டுப் பக்கம் வராத. அங்கயே நில்லு."

கருவிப் பையோடு கால் மணி நேரத்தில் வந்துவிட்டார். கீல்கள் வெளிப்பக்கம் இருந்தது என் கெட்ட நேரம். பத்து மணிக்குப் பேராசிரியர் வந்தபோது அவருடைய கதவு தாழ்வாரத்து பெஞ்சுகளின் மேல் படுத்திருந்தது. அப்பா அதன் அடிப்பக்கத்தை இழைத்துக்கொண்டிருந்தார்.

"இது என் கதவா?"

"உங்களுதுதான் சார். இத்தன நாளா எப்படித் திறந்தீங்க?"

பேராசிரியர் கைப்பிடியைப் பார்த்தார். "சுவத்துல கால ஊனி இழுத்து. எட்டு வருஷமா." இதுவரை யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை போலிருந்தது.

நின்றபடியே என் தாள்களைப் புரட்டினார்.

"இதுல துறவி எங்க?"

"ஆணி அடிச்சிட்டு இருக்கார் சார்."

"அவர் என்னதான் சொன்னார்?"

"அப்பா அவர இன்னும் பேச விடல சார்."

இழைப்புளி ஒரு நொடி நின்றது. பிறகு ஓடியது.

அப்பா கதவை மாட்டினார். பேராசிரியர் பூட்டைத் திறந்து ஒரு விரலால் இழுத்தார். வந்தது. தள்ளினார். மூடியது. பதினோரு முறை செய்தார், நான் எண்ணினேன். பிறகு முதல் தாளின் மூலையில் நாற்பது என்று எழுதினார். தேறுவதற்கு அவ்வளவு போதும்.

"நாப்பதும் கதவுக்கு," என்றார். "அடுத்த பருவத்துக்குக் கடலோடிகள் பத்தி ஒரு படம் இருக்கு. அதையாவது முழுசாப் பாரு."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அப்பா கருவிப் பையைத் தோள் மாற்றிக்கொண்டே வந்தார். எங்கள் தெரு முனையில் கேட்டார்.

"கப்பல எந்த மரத்துலடா செய்வாங்க?"

"இரும்புப்பா," என்று சட்டென்று பொய் சொன்னேன்.